ஹோலுக்குள் ஒட்டிய கண்ணாடித் தொட்டி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு துறைமுகத்துக்குக் கிட்ட. யுத்த காலத்தில், தண்ணீருக்கடியால் யாரும் நீந்தி வந்துவிடக் கூடாதென்று கடற்படை துறைமுகத்துக்குள் அவ்வப்போது சிறு வெடிகளைப் போடும். காதுக்கு வருமுன் காலுக்கு வந்துவிடுகிற சத்தம் அது. எங்கள் மகன் அந்தச் சத்தத்தோடுதான் வளர்ந்தான். படித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று விழுந்தால், தலை நிமிராமலே "போட்டுட்டாங்கள்" என்பான்.

அவனுக்கு மீன் வளர்ப்பதில் ஆசை. ஜன்னலோரம் சின்னத் தொட்டி ஒன்று வைத்திருந்தான். கோட்டைப் பக்கம் பெரிய குண்டு வெடித்த அன்று ஜன்னல் கண்ணாடி அதன்மேல் விழுந்து எல்லாம் போயிற்று. அதற்கடுத்த மாதம், வத்தளையில் டியூஷன் முடிந்து வரும்போது, களனிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து விட்டார்கள். அதன்பிறகு அவனை இங்கே வைத்திருக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. கனடாவுக்கு அனுப்பினோம். போகும்போது தாயிடம், "நான் வரேக்க ஹோலில அஞ்சடித் தொட்டி ஒண்டு இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அகதியாகப் பதிந்தவனால் நினைத்தபடி திரும்ப முடியாது. எங்கள் இருவருக்கும் அது தெரியும். இருந்தும் மனைவி, ஹோல் என்று நாங்கள் சொல்லும் முன்கூடத்தில் சுவரோரம் இருந்த மேசையை நகர்த்தி இடம் ஒதுக்கினாள்.

எங்கள் ஒழுங்கையில் பெயர்ப்பலகையும் மீன்தொட்டியும் செய்கிற ஒருவர் இருந்தார். அவர் வந்து அளந்தார்.

"எனக்கு எது எண்டாலும் ஒண்டுதான் சேர். அக்ரிலிக்கா இருந்தா கடையிலயே செஞ்சு ரெண்டு பேர் தூக்கிட்டு வந்துருவோம். கண்ணாடின்னா தகடு தகடாக் கொண்டு வந்து, இங்க ஹோல்ல வச்சுத்தான் ஒட்டணும். ஒட்டின தொட்டி இந்த வாசல் நடையில திரும்பாது. வீடு மாறினீங்கன்னா உடைச்சுத்தான் எடுக்கணும்."

எதையும் தாளில் நடுவே கோடு போட்டு இரு பக்கமாக எழுதிப் பார்ப்பது என் வழக்கம். அக்ரிலிக் சிதறாது, பாரமில்லை, கண்ணாடியில் தெரிகிற மெல்லிய பச்சையும் அதில் இல்லை. ஆனால் பாசி தேய்க்கும்போது கீறல் விழும். காலம் போகத் தண்ணீர்ப் பாரத்தில் வயிறு தள்ளும். நான் அக்ரிலிக் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அந்தத் தாளில் இல்லை. அந்தக் காலத்தில் கொழும்பில் எங்களைப் போன்ற தமிழர்கள் தூக்க முடியாத எதையும் வாங்குவதில்லை. வெள்ளவத்தையில் இருந்த என் தம்பி வீட்டில் அலுமாரிகூடக் கிடையாது. கட்டிலுக்குக் கீழே சூட்கேசுகள்தான்.

"அக்ரிலிக் எடுப்பம். நாளைக்கு ஏதும் நடந்தா தூக்கிக்கொண்டு போகலாம்" என்றேன்.

"எங்க போறதுக்கு?" என்றாள் மனைவி.

"வெள்ளவத்தைக்கோ, வேற எங்கயோ."

"கப்பல் கொம்பனியில இருந்து இருந்து, உங்களுக்கு எதைக் கண்டாலும் ஏத்தி இறக்கிற யோசினைதான். நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டன். அவனுக்குத் தெரிஞ்ச வாசல் இதுதானே?"

"அவன் இப்ப வரேலாது. உமக்குத் தெரியும்."

"இப்ப எண்டு நான் சொன்னனானே?"

தொட்டிக்காரர் எங்களைப் பார்க்காமல் அளவுநாடாவை மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். "கண்ணாடியே போடுங்கோ" என்று நான்தான் அவரிடம் சொன்னேன்.

தொட்டி எழும்பி, தண்ணீர் நிரம்பி, மீன்களும் வந்த பிறகு, மனைவி அதன் முன்பக்கத்தில் பிரவுண் டேப்பால் மூலைக்கு மூலை பெரிய பெருக்கல் குறி ஒட்டினாள். வெடிக்குப் பயந்து எல்லா வீட்டு ஜன்னல்களிலும் அப்படித்தான் ஒட்டியிருந்தது.

"இனி மீனை எதுக்குள்ளால பாக்கிறது?"

"பக்கத்தால பாருங்கோ. கழுத்து ஒண்டும் சுளுக்காது."

மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் டெலிபோன் எடுப்பான். அங்கே அப்போது காலை. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரே ரிசீவரில் இருவரும் காது வைத்துக் கேட்போம். தொட்டி வந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, மனைவி அவனுக்கு மீன்களின் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் "ம், ம்" என்று கேட்டுவிட்டு, "இஞ்ச ஒரு சத்தமும் இல்லையம்மா. நித்திரையே வருதில்லை" என்றான்.

அந்த நேரம் துறைமுகத்தில் ஒன்று விழுந்தது. தண்ணீரில் சின்ன வட்டங்கள் ஓடின. தொட்டியின் கண்ணாடி மூடி விளிம்பில் பட்டுக் கிணுகிணுத்தது.

"போட்டுட்டாங்கள்" என்றான் மகன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"என்னடா, அழுறியே?"

"இல்லை. அதென்ன, மணி மாதிரிக் கேட்டது?"

"உன்ரை தொட்டியின்ரை மூடி."

"அம்மா, ரிசீவரை அதில வச்சுப் பிடியுங்கோ. இன்னொண்டு போடுவாங்கள்."

"உன்ரை டெலிபோன் கார்ட் முடிஞ்சிடுமடா."

"முடியட்டும்."

மனைவி ரிசீவரை மூடியின்மேல் வைத்து இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் மீன்களைப் பார்த்தபடி நின்றேன். அடுத்த வெடி விழுவதற்காக நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.