முந்துவதற்குப் பன்னிரண்டு விநாடி

வங்கி வரிசையில் அவருக்கும் முன்னால் நிற்பவருக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நுழையலாம். நுழைகிறார்கள். அவர் முகம் சுளிப்பதில்லை. நுழைந்தவருக்கும் உரிய இடம் விட்டு இரண்டடி பின்னால் போகிறார். இப்படியே போய் ஒருநாள் வாசலுக்கு வெளியே வந்து நின்றார்.

"என்ன சார், வேலை முடிஞ்சுதா?" என்று காவலாளி கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலப்பா."

இருவழிச் சாலையில் ஒரு வண்டியின் பின்னால் இன்னொரு வண்டி எப்படிப் போகிறது என்று கணினியில் மாதிரி போடுவது அவர் தொழில். பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் திரையில் குட்டிக் குட்டிக் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஊரவிட்டுக்கொண்டிருக்கிறார். எதிரே எத்தனை விநாடி காலியாக இருந்தால் ஓட்டுநர் முந்துவார் என்பதற்கு அவர் எழுதிய சூத்திரம் அந்தத் துறையில் பிரபலம்.

"முந்துறதப் பத்தி புஸ்தகமே போட்டாரு. ஒரு சைக்கிளக்கூட முந்தினதில்ல" என்பார் மனைவி. பொய்யில்லை. ஊரில் அவருக்கு 'இடைவெளி சார்' என்றே பெயர்.

போன மாதம் மனைவியைக் காரில் ரயிலடிக்குக் கூட்டிப் போனார். வெளியூரில் மகளுக்கு மறுநாள் காலை பிரசவ ஆபரேஷன். பத்தரை ரயிலை விட்டால் அடுத்தது மறுநாள்தான். ஊர் எல்லையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் வந்து சேர்ந்தது. இவர் ஒழுங்காக இடைவெளி விட்டார். அதில் ஒரு ஸ்கூட்டர் புகுந்தது. அதற்கும் விட்டார்.

"ஏங்க, எதிர்ல ஒண்ணுமே வரல."

"பன்னெண்டு விநாடி வேணும். இப்ப இருந்தது பதினொண்ணு."

"நான் இருபது எண்ணிட்டேன்."

"நீ வேகமா எண்ணுற."

மனைவி கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு அவ உள்ள போறப்ப வெளிய யாரு நிப்பா? உங்க சூத்திரமா?"

அது சுருக்கென்று தைத்தது. சிக்னல் விளக்கைப் போட்டார், பல்லைக் கடித்தார், ஸ்கூட்டரையும் டிராக்டரையும் ஒரே மூச்சில் முந்திவிட்டார். பெருமை தாங்கவில்லை. உடனே வண்டியை ஓரங்கட்டி, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, 'ஒன்பது புள்ளி நான்கு விநாடி' என்று அழகாக எழுதினார். எழுதி முடிப்பதற்குள் ஸ்கூட்டர் போனது. அதன் பின்னால் டிராக்டரும், கண்ணாடியில் வைக்கோலை உரசிக்கொண்டு, ஆற அமரப் போனது.

மனைவி பேனாவைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

இரண்டாம் முறை அவர் எண்ணாமலே முந்தினார்.

ரயிலடியில் பெட்டி வாசலில் ஒரே தள்ளுமுள்ளு, ரயில் கிளம்ப இரண்டு நிமிடம். மனைவியை முன்னால் விட்டு, சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றார். வழக்கம்போல இருவருக்கும் நடுவே இரண்டடி. அதைப் பார்த்துவிட்டு ஒரு தடியர் பக்கவாட்டில் தோளை நுழைத்தார்.

இடைவெளி சார் முழங்கையை நீட்டினார்.