அம்மா சொல்லாத பெயர்

"அடிச்சவன் யாருன்னு உங்க அம்மாவுக்குத் தெரியும். அப்புறம் ஏம்மா பேரைச் சொல்ல மாட்டேங்குறாங்க?"

மருத்துவமனை வராந்தாவில் இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். என் சட்டையில் அம்மாவின் ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது.

அம்மா மனநல ஆலோசகர். மருந்து எழுதித் தருவதில்லை. எதிரே உட்காரவைத்து, பேசவிட்டு, கேட்டுக் கேட்டே ஆளை நிமிர்த்துகிற வேலை. எங்கள் வீட்டின் முன்னறைதான் அவர் பணியிடம். கதவருகே உள்ள நாற்காலி எப்போதும் வருகிறவர்களுக்கு. பயந்தவர்கள் நினைத்தவுடன் எழுந்து போக முடிய வேண்டும் என்பார். அம்மா சுவர்ப்பக்கம் உட்காருவார்.

அப்பா லாரி மெக்கானிக். "ஊர்க்கதையை மணிக்கணக்கா கேப்பா. நான் ரெண்டு நிமிஷம் பேசினா கொட்டாவி விடுவா" என்பார்.

"அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வாங்க, கேக்கறேன்" என்பார் அம்மா.

அந்தச் செவ்வாய் மதியம் அவன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு எதிலும் மனம் நிற்காமல் வீட்டையே சுற்றிக்கொண்டிருந்த நான், அப்போது சமையலறையில் இருந்தேன்.

"என் பொண்டாட்டி இங்க வர்றாளா?"

"யார் வர்றாங்க, யார் வரலைன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லைங்க. உட்காருங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி!"

சத்தம் கேட்டு ஓடினேன். அம்மாவின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். "ஆமாவா, இல்லையா?" ஒரு மோதல். "ஆமாவா, இல்லையா?" இன்னொன்று. அம்மா சுவருக்கும் அவனுக்கும் நடுவில் மாட்டியிருந்தார். "சொல்றதில்லை" என்றார். அவன் மோதிரம் அவர் உதட்டைக் கிழித்தது. கீழே விழுந்தவரின் மணிக்கட்டை மிதித்தான். எலும்பு முறிந்த ஓசை எனக்குக் கேட்டது.

நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் இரண்டு முறை அடித்தேன். திரும்பி என் வயிற்றில் உதைத்தான். பிறகு காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தான்.

மருத்துவமனையில், தையல் போடும் முன்பே, அம்மா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு யாருடனோ போனில் பேசினார். இன்ஸ்பெக்டர் "ஆளைத் தெரியுமா?" என்றபோது, தெரியாது என்று சொல்லவில்லை. "அதைச் சொல்ல முடியாது" என்றார்.

மூன்றாம் நாள், அம்மா வீடு திரும்பியிருந்தபோது, அப்பா ஸ்பேனரோடு வந்து நின்றார். யாரையும் கைநீட்டி அடித்தறியாத மனிதர்.

"பேரை மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"வேணாங்க."

"சொல்லுன்னா சொல்லு!" அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். மாவுக்கட்டுப் போட்ட கை கட்டில் விளிம்பில் மோத, அம்மா அலறினார்.

வலி அடங்கியதும், "அவனும் இப்படித்தாங்க கேட்டான்" என்றார்.

அப்பா ஸ்பேனரை வீசியெறிந்தார். அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது.

அன்று மாலை அம்மாவிடம் சண்டைக்கே போனேன். "இல்லைன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா போயிருப்பான்ல?"

"ஒருத்தர்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டு, இன்னொருத்தர்கிட்ட வாயை மூடினா, அது ஆமான்னு ஆயிடும்டி."

"சரி. போலீஸ்கிட்டயாவது?"

"அவனை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை. அப்போ அவன் பேர் எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு அவன் யோசிக்க மாட்டானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெயரும் அந்த மோதிரத்தின் அடையாளமும் ஒரே ஒரு வாயிலிருந்துதான் அம்மாவிடம் வந்திருக்க முடியும். அந்த வாய்க்குச் சொந்தக்காரி இன்னும் அவனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். மருத்துவமனையிலிருந்து அம்மா பேசியது அவளோடுதான், இங்கே வராதே என்று எச்சரிக்க.

ஒன்பதாம் நாள் காலை அவளிடமிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார். அவள் அப்படிக் கேட்டுக்கொண்டாள்.

"பிள்ளைங்களோட வெளியே வந்துட்டேன் மேடம். இனி யார் கேட்டாலும் அவன் பேரைச் சொல்லுங்க."

அப்பாதான் எங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். அவள் அங்கே இருந்தாள். கன்னத்தில் அம்மாவின் உதட்டில் இருந்ததைப் போலவே மோதிரத் தழும்பு, பழையது ஒன்று, புதியது இரண்டு. இடது காது கேட்காததால் வலது காதை எங்கள் பக்கம் திருப்பியே பேசினாள். அவள் தலையசைத்த பிறகே அம்மா பெயரைச் சொன்னார்.

அவன் இப்போது சிறையில் இருக்கிறான். அம்மாவின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. முன்னறை மறுபடியும் இயங்குகிறது.

இதை எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் காட்டினேன். அவள் கோடு போட்டு அடித்த வரிகளை எடுத்துவிட்டேன். "இதை நாலு பேருக்குப் போய்ச் சேரவை" என்றாள். அதனால் கேட்கிறேன்: வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து வாயைத் திறக்காத யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்களில் இருப்பார்கள். அவர்களிடம் இதைக் கொடுங்கள். காகிதத்தை வீட்டில் வைத்திருக்க முடியாதவர் என்றால், அவர் தனியாக இருக்கும்போது வாயால் சொல்லுங்கள்.