லட்டு கொடுப்பவரைத் திட்டுவது எப்படி

எனக்குக் கோபம் வந்தால் ஊர் தாங்காது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சித்தூரில் ஒரு மாங்கூழ் ஆலையில் பழம் தரம் பார்க்கிற வேலை எனக்கு. பங்காருபாளையத்திலிருந்து லாரி வந்து நின்றால், ஒரு பழத்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "திருப்பி எட்த்துக்கினு போய்யா" என்று சொல்லிவிடுவேன். வியாபாரி காலில் விழுந்தாலும் மசியமாட்டேன். அப்பேர்ப்பட்டவன் திருப்பதியில் புது வீடு வாங்கும்போது குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. இதை என் மனைவி தினமும் எனக்குச் சோறு போடும்போது ஞாபகப்படுத்துவாள்.

குளியலறைத் தரைக்கு வாட்டம் வேண்டும். தண்ணீர் தானாகச் சரிந்து ஓடி மூலையிலுள்ள வடிகால் ஜாலிக்குள் இறங்க வேண்டும் அல்லவா, அந்தச் சரிவு. எங்கள் வீட்டிலும் வாட்டம் இருந்தது, ஆனால் கதவைப் பார்த்து இருந்தது. ஜாலி பாட்டுக்கு மூலையில் காய்ந்து கிடக்கும். குளித்த தண்ணீர் அத்தனையும் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து, படுக்கையறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும்.

நான் மட்டும் என்றால் கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு வாழ்ந்திருப்பேன். மாமியார்தான் விஷயம். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர், மாமனார் போன பிறகு நகரியில் தனியாக இருந்தார். இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளத்தான் என் மனைவி இந்த வீடே கேட்டாள். கிரகப்பிரவேசத்துக்கு வந்து தங்கிய மாமியார், மறுநாள் காலை அந்த ஈரத்தில் வழுக்கி, நல்லவேளை, கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அன்றைக்கே பையைக் கட்டினார்.

"ஒண்டியா இருந்தாலும் எங்கூட்டுத் தரை காஞ்சி கீதும்மா," என்றார் மகளிடம். "நீ இத்த சரி பண்ணிட்டு சொல்லு, வரேன்."

அதற்கப்புறம் என் மனைவி நகரிக்குப் போன் போடும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கவே எனக்குப் பயம். அந்தப் பக்கம் எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், இவள் முகத்தில் ரத்தம் இருக்காது.

வீட்டைக் கட்டி விற்ற பில்டருக்குப் போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப். சாயந்திரம் அவரே கூப்பிட்டார்.

"சார், தரிசனத்துல இருந்தேன் சார். போனு லாக்கர்ல."

திருப்பதியில் இருந்துகொண்டு இதற்கு மேல் ஒரு மனுஷனை என்ன கேட்பது? பெருமாளைவிட உன் பாத்ரூம் பெரிசா என்று ஆகிவிடும். மறுநாள் அவர் நேரில் வந்து தரையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"புது வீடு சார். தண்ணிக்கு இன்னும் வழி பழகல. போகப்போக செட் ஆய்டும்."

தண்ணிக்கு வழி பழகவில்லையாம்! வாயைத் திறந்தேன், திட்டத்தான். அதற்குள் அவர் பையில் கைவிட்டு ஒரு லட்டை எடுத்து நீட்டினார். மலை லட்டு. இப்போது நான் என்ன செய்வது? செருப்பைக் கழற்றினேன். கையைக் கழுவினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டேன். வாய் நிறைய முந்திரியும் கல்கண்டும் இருக்கும்போது எங்கிருந்து வசவு வரும்? "நல்லா கீதுங்க" என்றுதான் வந்தது. அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதே கதைதான் திரும்பத் திரும்ப நடந்தது. நான் கூப்பிடுவேன், போன் லாக்கரில் இருக்கும். மறுநாள் லட்டு வரும். தரையைச் சரிபண்ண அனுப்புவதாகச் சொன்ன மேஸ்திரி மட்டும் வரமாட்டார். வீட்டில் மிஞ்சிய லட்டை ஆலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சார் சதா மலையிலயே கீறாரு, எவ்ளோ பக்தி பாரு," என்று பேசிக்கொண்டார்கள். திருப்பதிக்குக் குடிவந்த பிறகு நான் ஒருநாள்கூட மலை ஏறவில்லை என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லட்டு பையை விட்டு வெளியே வருவதற்குள் திட்டிவிடுவது என்று முடிவு செய்து, கேட்டிலேயே காத்திருந்தேன். கேட்கப்போகிற கேள்விகளையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மனுஷன் தெருமுனையிலேயே இரண்டு கையையும் தூக்கி, "கோவிந்தா!" என்றார். என் கைகள் என்னைக் கேட்காமலே மேலே போயின. "கோவிந்தா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மாவும் வெளியே வந்து கும்பிட்டார்.

கிட்டே வந்த பிறகுதான் பார்த்தேன். மொட்டை. தலை முழுக்கச் சந்தனம்.

"ஒங்க வீடு நல்லாருக்கணும்னு முடி குட்த்துட்டேன் சார்," என்றார்.

நான் உருகிப்போய்விட்டேன். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "முடி எறங்கிச்சு சரி, தண்ணி எறங்கலியே!"

அவர் சிரித்துக்கொண்டே லட்டை நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் அவள் வந்து வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை. ஒரு தட்டில் வைத்து, பூஜை அலமாரியில் விளக்குக்கு முன்னால் வைத்தாள்.

"இது மேல கை வெச்சி சொல்லுங்க. இந்த வாரத்துல தரைய ஒடச்சி வாட்டம் சரி பண்ணிக் குடுக்கறேன்னு."

மனுஷன் ஆடிப்போய்விட்டார். சந்தனத்துக்கு நடுவில் வேர்வை வழிந்தது. "அய்யய்யோ, ப்ரமாணம்லாம் வத்து மேடம், வேணாம்!" என்று பின்னால் நகர்ந்து சோபாவில் இடித்துக்கொண்டார். "நான் கை வெச்சி, மேஸ்திரி வரலன்னா தோஷம் எனக்கில்ல வரும்? எனக்குப் புள்ளைங்க கீது மேடம்!"

"எனக்கு அம்மா கீது," என்றாள்.

சத்தமே போடாமல்தான் சொன்னாள். ஆனால் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு நான் ஒத்தாசையாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "ஆமா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பில்டர் அவள் முகத்தைப் பார்த்தார், லட்டைப் பார்த்தார், சட்டென்று போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ரேப்பு வஸ்தானு சார்," என்றார் மேஸ்திரி அந்தப் பக்கம். அவருக்கு எல்லா நாளும் நாளைதான்.

"அப்படின்னா லட்டு மேல கை வெச்சி சொல்லு!"

"லட்டு எக்கட உந்தி சார்? ஒங்கிட்ட இல்ல கீது?"

"இரு, வீடியோல வரேன்."

வந்தார். போனை லட்டுக்கு நேராகக் காட்டிப் பிடித்தார். திரையில் மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விளக்கையும் லட்டையும் கண்டதும் எச்சில் கையை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "சாமி எதிர்ல எதுக்கு சார் இதெல்லாம்? காலைல சுத்தியோட வரேன், போன வைங்க சார்!" என்றார். தொடாத லட்டுக்கு அத்தனை பயம். அதற்குப் பிறகுதான் பில்டர் ஆட்காட்டி விரலின் நுனியால் லட்டை லேசாகத் தொட்டு, தான் சொன்னதைத் தானே கேட்க விரும்பாதவர் மாதிரி சத்தியம் செய்தார்.

காலையில் நாங்கள் எழுந்திருக்கும்போது மேஸ்திரி கேட்டில் நின்றுகொண்டிருந்தார். தரையை உடைத்தார்கள். வீடெல்லாம் புழுதி, சாம்பாரில்கூடச் சிமெண்ட் வாடை. புது டைல்ஸ் பதித்து, ஈரம் காய்ந்த பிறகு என் மனைவி ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். பில்டர், மேஸ்திரி, நான், எதிர்வீட்டு அம்மா எல்லோரும் வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். அவள் ஊற்றினாள். தண்ணீர் கொஞ்சம் கதவுப் பக்கம் வந்தது. அப்புறம் திரும்பிச் சரசரவென்று மூலைக்கு ஓடி ஜாலிக்குள் இறங்கிப் போய்விட்டது.

"கோவிந்தா!" என்று கத்தினேன். இந்தத் தடவை முதலில் கத்தியவன் நான்.

அடுத்த வாரம் மாமியார் வந்தார். ஒரே ஒரு பை. ரெண்டு நாள் இருந்து பார்க்கிறேன் என்றார். மறுநாள் காலை, யாரும் கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கைத்தடியோடு குளிக்கப் போனார். என் மனைவி கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்து இறுக்கினாள். நான் கதவிடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

கதவு திறந்தது. மாமியார் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, தானாக நடந்து வெளியே வந்தார். எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இப்டி நிக்கறீங்க? காபி போடலியா?" என்றார். கட்டிலில் உட்கார்ந்து தலையைத் துவட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "மாப்ள, உங்க மாமா போட்டோ அங்க நகரியில ஒண்டியா மாட்டிக்கினு கீது. அத்த எட்த்துக்கினு வந்துடுங்க."

என் மனைவி அடுப்பைப் பற்றவைக்கிறேன் என்று சொல்லிச் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். நான் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு அந்தக் காலையிலேயே நகரிக்கு ரயில் ஏறினேன்.