கொய்யா மரத்தில் தொங்கிய காகம்

ஆட்களை வரைய எனக்கு இன்றுவரை வராது. பூனையும் குருவியும்தான் கைக்குப் பழக்கம். "எங்க வீட்டுப் பூனையோட திமிரு அப்படியே வரணும்" என்று மாத்தளை டவுனிலிருந்து போட்டோ அனுப்பிக் கேட்கிறார்கள், வரைந்து கொடுக்கிறேன். யாரிடம் படித்தாய் என்று கேட்டால் சொல்ல ஒரு வாத்தியார் கிடையாது. அடிக்க ஓங்கிய கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டார், அதனால் வரைகிறேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அப்போது எனக்கு எட்டு வயது. நாலந்தாவுக்கு இந்தப் பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்தில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரம். அதில் வந்து உட்காருகிறதையெல்லாம் கொப்பியில் வரைவேன். ஒவ்வொன்றும் எனக்குத் தோட்டத்து ஆள் ஒருவராகத்தான் தெரியும். மைனா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற கணக்கப்பிள்ளை. தவிட்டுக் குருவிகள், தண்ணீர்ப் பீலியில் குடத்தோடு சண்டை போடுகிற பொம்பளைகள். எங்கள் பூனை, மலை பார்க்க வந்த துரை. எதைப் பார்த்தாலும் அதற்குத் திருப்தி இல்லை. ஒவ்வொரு படத்தையும் நான் தூக்கிக் காட்டும்போது, "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்பார் அம்மா.

அந்த ஆடியில் அத்தை எங்களோடு இருந்தார், அப்பாவின் அக்கா. தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டிய மாமா தவறி ஒரு வருஷம் கழிந்திருந்தது. காலையில் லொறியோடு போனவர், நெஞ்சு வலி வந்து வழியிலேயே போய்விட்டார். அன்றைக்குக் காலையில் அவரும் அத்தையும் ஏதோ மனஸ்தாபத்தில் பேசிக்கொள்ளவே இல்லையாம்.

முதல் ஆடி அமாவாசை. அத்தை விடியும் முன்பே எழும்பிச் சமைத்தார். பூசணிக்காய், பலாக்கொட்டை, வடை, பாயாசம். எல்லாவற்றையும் வாழை இலையில் வைத்து, கொய்யா மரத்தடி மதிலில் படைத்தார். காகம் வந்து எடுத்தால்தான் மாமா ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சோறு.

நான் முதல் நாளே ஒரு யோசனை பண்ணியிருந்தேன். காகம் ஒன்றைக் கண்டால் ஒன்பது வரும் ஜாதி. பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு காகத்தை வெட்டி, கறுப்புச் சாயம் தீரும்வரை பூசினேன். வரப்போகிறவர் மாமாதானே, அதனால் மாமா மாதிரியே வரைந்தேன். காலையில் இலைக்கு நேர் மேலே அதை நிற்கவைத்து, இரண்டு காலையும் கிளையோடு சேர்த்து நூலால் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

"கா... கா..." என்று அத்தை கூப்பிட்டார். காகங்கள் தூரத்துப் பலா மரத்திலிருந்து கத்தினவே தவிர, கிட்டே வரவில்லை. பழி பூனை மேல் விழுந்தது. அம்மா அதைக் கூடை போட்டுக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து துரை வைகிற வசவெல்லாம் கேட்டது. காகம் மட்டும் வரவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "மனுசன் மனசுல என்னமோ கொறை இருக்குபோல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு அத்தையின் குரல் இறங்கிவிட்டது.

"கோவமாத்தான் இருக்காரு," என்றார் அம்மாவிடம். "அன்னைக்கு ஒரு வார்த்த பேசி அனுப்பியிருக்கலாம்."

இரண்டு மணிக்கு அப்பா மதிலடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம். அட்டைக் காகம் எம்மாத்திரம்? சரிந்து, கட்டிய கால்களில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கலேவெலப் பக்கம் தோட்டங்களில் காகத்தை விரட்ட, செத்த காகத்தை அப்படித்தான் கட்டித் தொங்கவிடுவார்கள்.

அதை அறுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த அப்பா, யார் வேலை என்று விசாரிக்கவில்லை. வீட்டில் விரல் கறுத்திருந்தது ஒரே ஆளுக்குத்தான்.

"செத்த காக்காயத் தொங்கவிட்டா எந்தக் காக்காடி வரும்? அக்கா காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. இனிமே பென்சிலத் தொட்டுப் பாரு!" ஒரு கையில் என் கொப்பி, அடுப்புக்குப் போக. மற்றக் கை என் முதுகுக்கு.

அத்தை அந்தக் கையைப் பிடித்தார். "இருடா தம்பி." அட்டையை வாங்கி நிமிர்த்திப் பார்த்தார். தோளில் மாமா போடுகிற துவாய். தலையை ஒரு பக்கமாகத் திருப்பிச் சாய்த்து நிற்கிற காகம்.

"தலைய ஏன் இப்பிடி வரைஞ்ச?"

"மாமா அப்பிடித்தானே இருப்பாரு," என்றேன் அழுதுகொண்டே. "நீங்க சோறு போடுறப்ப எல்லாம் அப்பிடித்தான் இருந்தாரு."

அத்தை அட்டையை இலைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, ஒரு வாய்ச் சோற்றை அதன் மூக்கில் தொட்டார்.

"வந்துட்டாரு. எல்லாரும் உக்காருங்க, சாப்புடுவோம்."

"அக்கா, அது அட்டை."

"அவரோட குடும்பம் நடத்துனது நானா நீயா? உக்காருடா."

கூடையையும் திறந்துவிட்டார். எனக்கு இரண்டு வடை கிடைத்தது, கொப்பியும் திரும்பக் கிடைத்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்களே, அத்தையையே பசி தோற்கடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அந்த அட்டையை அவர் தன் டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டதுகூட, நான் மறுபடி எங்கேயும் கட்டிவிடக் கூடாது என்றுதான் எனக்குப் பட்டது. லொறி இரைச்சலில் மாமாவுக்கு ஒரு காது மந்தமாகியிருந்தது என்பதும், அத்தை வாய் திறந்தாலே நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக்கொள்வார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அவருடைய கழுத்தே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.