எட்டு கோவிந்தம்மாவும் ஒரே ராடும்

சமையலறைக்குள் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எவர்சில்வர் வாளிக்குள் கனமாக எதையோ போட்ட சத்தம்.

முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ரெஜினா தலையை நிமிர்த்தினாள்.

“உள்ள யாரும்மா?”

“பூனை மேடம்,” என்றாள் கோவிந்தம்மா.

பூனை உள்ளேயிருந்து இருமியது. நாற்பது வருஷம் பீடி பிடித்த இருமல்.

“பூனைக்கு நெஞ்சுல சளி போல.”

“மார்கழி பனி மேடம். அதுக்கு இன்னா தெரியும், பாவம்.”

வாய் இப்படிச் சொன்னாலும் கோவிந்தம்மாவுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. தெருவின் மற்ற ஏழு வீடுகளையும் பின்கட்டு வழியாகச் சுற்றி, லுங்கியில் சுருட்டப்பட்டு, புருஷன் மனோகரனின் அக்குளில் பயணம் செய்து, ராடு தன் சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ராடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாளித் தண்ணீரில் தொங்கவிட்டு பிளக்கைச் செருகினால் தண்ணீரைச் சுட வைக்கும் கம்பிச் சுருள். ஆனால் இன்று காலையிலிருந்து கத்திவாக்கத்தின் அந்தத் தெருவில் அதற்கு இருந்த மரியாதை கோயில் உற்சவருக்குக்கூட இருந்ததில்லை.

ரெஜினா, வீட்டுக்கு வீடு சூரிய ஒளியில் வெந்நீர் தரும் சோலார் ஹீட்டர் வைத்துக் கொடுக்கும் ஓர் அறக்கட்டளையிலிருந்து வந்தவள். அப்பாவுக்குத் திருவொற்றியூரில் மளிகைக் கடை; பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். அவள் எழுதிக்கொண்டு போகிற வீட்டுக்குத்தான் ஹீட்டர். ஆகவே கோவிந்தம்மாவின் பத்து விரல்களும் இப்போது அவள் கையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவின் முனையில் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த விரல்களின் கதை பெரிய கதை. கோவிந்தம்மாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. அதில் முப்பது வருஷத்தை எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீருக்குள்ளேயே குந்திக் கழித்திருக்கிறாள். சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிற வேலை. பிடித்ததைப் போட ஓலைப் பறி ஒன்று உண்டு. அதன் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். கவ்வியிருக்கும் வரை வாயைத் திறக்க முடியாது. இப்படி ஐந்தாறு மணி நேரம் அடைத்து வைத்த பேச்சை எல்லாம் கரையேறியதும் மொத்தமாக அவிழ்த்து விடுவாள். அவள் கரையேறுகிற நேரம் பார்த்து மனோகரன் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவது அதனால்தான்.

இரண்டு வருஷமாக அந்த விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. காலையிலும் மாலையிலும் கையை வெந்நீரில் வைத்திருக்கும்படி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். சொல்வது சுலபம். விறகு அடுப்பில் குண்டானை ஏற்றலாம். மடங்காத விரலால் அதை எப்படி இறக்குவது? போன மாதம் இறக்கும்போது குண்டான் நழுவி, கொதிக்கிற தண்ணீர் மொத்தமும் காலில் கொட்டியது. பக்கத்து வீட்டு பூமாரி இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி ஆட்டோவில் போட்டாள். கையைக் குணப்படுத்தப் போய்க் கால் வெந்தது என்று குப்பமே ஒரு வாரம் சிரித்தது. கோவிந்தம்மாவும் சிரித்தாள். ஆனாலும் புண் ஆறியபின் குண்டானில் அவள் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சோலார் வந்தது. அறக்கட்டளைக்காரர்கள் சங்கக் கட்டடத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். இறக்க வேண்டாம், தூக்க வேண்டாம். குழாயின் கைப்பிடியை மணிக்கட்டால் தட்டினாலே வெந்நீர். அந்தப் படத்தை வாங்கி வந்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி, விளக்கேற்றும்போதெல்லாம் அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள் கோவிந்தம்மா.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் போய் விவரம் கேட்டு வரச்சொல்லி அவள் அனுப்பியது மனோகரனை. அங்கேதான் விதி விளையாடியது. மனோகரன் பாதிக் கூட்டத்தில் டீ குடிக்கப் போய்விட்டு, மீதியைத் தன் மூளையால் நிரப்பிக்கொண்டு வந்தான்.

“ராடு வெச்சிகினு கீறவங்களுக்குத்தான் சோலாரு. விறகு எரிக்கிற வூட்டுக்குக் கெடையாது,” என்று தெருவுக்கே அறிவித்தான். யாரோ சந்தேகம் கேட்டதற்கு விளக்கமும் கொடுத்தான். “கரண்டை மிச்சம் பண்ணத்தானம்மே குடுக்கிறாங்க. விறகு எரிக்கிறவன் எந்தக் கரண்டை மிச்சம் பண்ணுவான்? ரோசனை பண்ணிப் பாரு.”

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

எட்டு வீட்டிலும் விறகு அடுப்பு. எட்டு வீட்டுக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு ராடு. அது கோவிந்தம்மாவின் கல்யாணத்துக்கு அவள் அண்ணன் அசோகன் கொடுத்த சீர். பாத்திரக் கடையில் அண்டா, குடம், தாம்பாளம் எல்லாவற்றிலும் இலவசமாகப் பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். இலவசம் என்றதும் அண்ணன் ராடையும் நீட்டினான். கடைக்காரன் அதன் கழுத்துத் தகட்டில் ‘கோவிந்தம்மா’ என்று அழகாக வெட்டிக் கொடுத்தான். கல்யாணமான மூன்றாம் நாள் முதல் தடவையாக அதை வாளியில் போட்டபோது, தண்ணீர் சுட்டுவிட்டதா என்று மனோகரன் விரலை விட்டுப் பார்த்தான். மறு நிமிஷம் எதிர்ச் சுவரில் இருந்தான். முன்பல் ஒன்று வாசலில் இருந்தது. அன்றோடு ராடு ஆணியில் ஏறியது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இறங்கி, பொட்டு வைத்துக்கொண்டு மறுபடி ஏறிவிடும்.

காலையில் எல்லா வீட்டிலும் ராடு இருப்பதாகக் காட்ட அது தெருவைச் சுற்றக் கிளம்பியபோது, தகட்டில் வெட்டிய பெயரை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. முதல் வீட்டிலேயே ரெஜினா அதைப் படித்துவிட்டாள். “கோவிந்தம்மா நீங்கதானா?” என்று அவள் கேட்க, அந்த வீட்டுக்காரி “ஆமா மேடம்” என்று சொல்லித் தொலைத்தாள். செய்தி பின்கட்டு வழியாக ராடோடு பரவியது. அதன்பின் தெருவில் கோவிந்தம்மா அல்லாத பெண்ணே இல்லை.

இப்போது ரெஜினா எழுந்து சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். வாளிக்குள் ராடு கிடந்தது. கதவு மறைவில் ஒரு லுங்கியின் ஓரம் தெரிந்தது.

“வாங்க கோவிந்தம்மா,” என்றாள் ராடைப் பார்த்து. பிறகு திரும்பினாள். “ஏம்மா, ஏழு வீட்டுக்குப் போனேன். ஏழுலயும் கோவிந்தம்மா. நீங்க எட்டாவது.”

“ராசியான பேரு மேடம்.”

“ஒரு கோவிந்தம்மா கழுத்துல ஜெபமாலை கிடந்துச்சு. மாதா படத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு, நான்தான் கோவிந்தம்மான்னாங்க.”

“ரோஸ்மேரியா,” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “கோவிந்தம்மா ரோஸ்மேரி மேடம். முயுப் பேரு அது.”

“ஆதார் இருக்கா?”

கோவிந்தம்மா எடுத்துக் கொடுத்தாள். ரெஜினா அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மத்தவங்களுக்கெல்லாம் அது வீட்டுல கூப்பிடுற பேராம். உங்களுக்கு மட்டும்தான் கார்டுலயும் அதே பேரு. சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த ராடு யாரோடது? யாரோடதோ அவங்க பேரை நான் தனியா எழுதணும். மத்த ஏழு வீட்டையும் வேற லிஸ்ட்டுல போடணும்.”

இந்த இடத்தில் வானம் இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. தூரத்தில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி எப்போதும்போலப் புகைந்துகொண்டிருந்தது.

என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. காலண்டர் பக்கத்துக் குழாய் அவளைப் பார்த்தது. அதே நேரம், தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய பூமாரியின் வியர்த்த கழுத்தும், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை விடிந்ததும் வெந்நீரால் துடைத்து எடுக்கும் ரோஸ்மேரியும் கோவிந்தம்மாவின் கண்முன்னே வந்து நின்றார்கள். ரோஸ்மேரியோடு அவளுக்கு ஆறு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை என்பது வேறு விஷயம்.

கோவிந்தம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

“என்னுது இல்ல மேடம்.”

“பேரு வெட்டியிருக்கே.”

“ஊர்ல எத்தினியோ கோவிந்தம்மா. எவளோடதோ. என் வூட்ல ராடும் கெடையாது ஒண்ணும் கெடையாது. என் பேரை அட்ச்சிக்கோ. மத்த ஏழு பேரு பேரும் அப்டியே இருக்கட்டும்.”

தியாகம் நடந்து முடிந்தது. எவ்வளவு அழகான தியாகம். அதை முழுசாக ஒரு நிமிஷம்கூட நிற்க விடாமல், கதவு மறைவிலிருந்து தேம்பிக்கொண்டே வெளியே வந்தான் மனோகரன்.

“இன்னாம்மே இது. உங்க அண்ணன் குட்த்த சீரு, அத்தப் போயி இல்லன்றியே. மேடம், அது இவ ராடுதான். ஷாக் அட்ச்சது எனக்கு. சாட்சி பாரு.” உதட்டைத் தூக்கி, பல் இல்லாத இடத்தைக் காட்டினான்.

“இதுதான் பூனையா?” என்றாள் ரெஜினா.

“இதான்,” என்றாள் கோவிந்தம்மா. “முப்பது வருசமா பால் ஊத்தினுகீறேன்.”

“ராடால ஷாக் அடிக்கும்னா, வெந்நீர் எதுல வைக்கிறீங்க?”

மனோகரன் உதட்டை இறக்கிக்கொண்டான். ரெஜினா கரி படிந்த சமையலறைச் சுவரைப் பார்த்தாள். பிறகு நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு மலை இருந்தது. எட்டு வீட்டு விறகும் விடியற்காலையில் அங்கேதான் வந்து ஒளிந்திருந்தது. அவள் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்க, சவுக்குக் கழிகளும் தென்னை மட்டைகளும் கட்டுமர உடைசல்களும் கடகடவென்று சரிந்தன. அதற்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு குந்தியிருந்த பூமாரியும் ரோஸ்மேரியும் மெதுவாக எழுந்து நின்றார்கள்.

“இவங்களைக் காலையில பார்த்தேனே?”

“அதுங்களும் கோவிந்தம்மாதான்,” என்றாள் கோவிந்தம்மா அலுப்போடு.

ரெஜினா விறகின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. “ராடு இருக்கணும்னு யாரு சொன்னா உங்களுக்கு?”

பூமாரியும் ரோஸ்மேரியும் கோவிந்தம்மாவும் ஒரே நேரத்தில் மனோகரனைப் பார்த்தார்கள். அவன் வானத்தைப் பார்த்தான்.

“திட்டமே முதல்ல விறகு எரிக்கிற வீட்டுக்குத்தாம்மா. ராடு வச்சிருக்கவங்களுக்கு அடுத்த வருசம் பார்த்துக்கலாம்னு தனி லிஸ்ட்டு. சுவரெல்லாம் கரியா கெடக்கு, எல்லாரும் ராடுங்காங்களேன்னு காலையிலேருந்து எனக்கு மண்டை காயுது.”

 பூமாரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“யோவ் மனோகரா. நீ டீ குடிக்கப் போவாம இருந்திருந்தா இன்னாய்யா?”

“அப்ப நா இன்னா லிஸ்ட்டு?” என்று கேட்டாள் கோவிந்தம்மா. 

“இந்த ராடை எத்தனை தடவை போட்டிருக்கீங்க?”

“ஒரே தபா. அதுலதான் இவரு பல்லு பூட்ச்சு.”

“இதுல உங்க விறகு எது?”

கோவிந்தம்மா மடங்காத விரலை நீட்டிக் காட்டினாள். பழைய வலைக் கயிற்றால் கட்டிய சிறிய கட்டு. ரெஜினா விறகைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், பாதத்தில் ரோஜா நிறத்தில் பளபளத்த வெந்த தோலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. படிவத்தை முழங்கால்மேல் வைத்து எழுதினாள். “கோவிந்தம்மா. விறகு அடுப்பு.” கையெழுத்துப் போடக் காகிதத்தை நீட்டினாள். பேனாவைப் பிடிக்க வராததால், கோவிந்தம்மா கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள். பத்தாவது வரை படித்தவள் அவள். இன்றைக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை.

“எங்கள்து, மேடம்?” என்றாள் ரோஸ்மேரி, ஜெபமாலையை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டே.

“நாளைக்குக் காலையில திரும்ப வர்றேன். விறகு அவங்கவங்க வீட்டுக்குப் போயிருக்கணும். பேரும் அவங்கவங்க பேருக்குப் போயிருக்கணும்.”

ரோஸ்மேரி தலையாட்டினாள். பிறகு ஆறு மாதத்தில் முதல் தடவையாகக் கோவிந்தம்மாவைப் பார்த்து, “பேரை அட்ச்சிக்கோன்னு சொல்ட்டியேம்மே, லூசு,” என்றாள்.

“ஒன் மூஞ்சிக்காவ சொல்லல. ஒன் மாமியா கெயவிக்காவ சொன்னேன். போயி ஒன் விறகை எட்த்துகினு போ.”

ரெஜினா பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கோவிந்தம்மா பின்னாலேயே வந்தாள்.

“அந்த ராடை இன்னா பண்றது பாப்பா?” மேடம் எப்போது பாப்பா ஆனாள் என்று இருவருமே கவனிக்கவில்லை.

“பொட்டெல்லாம் வச்சு அழகா இருக்குல்ல. பூஜைக்கே வச்சுக்கோங்க. பிளக்கை மட்டும் வெட்டிப் போட்டுருங்கம்மா.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கொல்லையில் அதற்குள் சண்டை தொடங்கியிருந்தது. அந்தச் சவுக்கு என்னுது, கையை எடு, என்று யாரோ கத்தினார்கள். இந்தச் சந்தடியில் மனோகரன் சட்டையை மாட்டிக்கொண்டு, விருந்தாளியை வழியனுப்புகிறவன்போல வாசல் பக்கம் நகர்ந்தான்.

“மேடத்தை பஸ்டாப் வரைக்கும் வுட்டுட்டு, அப்டியே ஒரு டீ…”

“அவங்களுக்கு வழி தெரியும்,” என்றாள் கோவிந்தம்மா.

இன்று அவள் தண்ணீரில் இறங்கவில்லை. பறிக் கயிற்றையும் கவ்வவில்லை. ஆனாலும் ஏழு வீட்டு ரகசியத்தைக் காலையிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்ததில் பேச்சு நிறையச் சேர்ந்திருந்தது. ரெஜினா தெருமுனையில் திரும்பி மறையும்வரை நின்று பார்த்தாள். பிறகு மனோகரன் உள்ளே இருக்கும்போதே கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை மணிக்கட்டால் தள்ளிப் போட்டாள்.