குழாயில் வந்த நீலம்

ஒரே வாரத்தில் எங்கள் தெரு அங்கன்வாடியில் ஆறு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. அதில் என் மகளும் ஒருத்தி. அவளுக்கு ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். ஹெப்பாள் தொழிற்சாலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்த அங்கன்வாடி டீச்சர், குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை வருவதாகவும், தண்ணீர் ஆபீஸில் சொன்னால் பிள்ளைகள் வெளியே எதையாவது தின்றிருக்கும் என்கிறார்கள் என்றும் கன்னடத்தில் மெல்லச் சொன்னார்.

மறுநாளிலிருந்து தெருப் பெண்கள் முறை வைத்து, லாரித் தண்ணீரைக் காய்ச்சி அங்கன்வாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எத்தனை நாளைக்கு முடியும் என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது.

எதிர்வீட்டுக் கொத்தனார் சேலத்துக்காரர். சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒட்டி ஓடுவதைப் பார்த்திருக்கிறாராம். தண்ணீர் வராத நாளில் துணிக்குப் போடும் சொட்டுநீலத்தை நாலைந்து பாட்டில் வாங்கிவந்து, சாக்கடை கலந்தால் நீலம் குழாயில் தெரிந்துவிடும் என்று, அங்கன்வாடி வாசல் சாக்கடைத் தொட்டியில் ஊற்றினார். அடுத்த நாள் வரும் தண்ணீரை யாரும் பிடிக்கவேண்டாம் என்று வீடுவீடாகச் சொல்லிவந்தோம்.

காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கன்வாடிக் குழாயைச் சுற்றி நின்றோம். நீலம் வராவிட்டால் எங்கள் பேச்சை இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள். வந்தால், என் பிள்ளை குடித்தது சாக்கடை. எதைக் கேட்டு ஜெபிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

குழாய் முதலில் காற்றைக் கக்கியது. டீச்சர் வெள்ளை மக்கில் பிடித்தார். தெளிந்த தண்ணீர். கொத்தனார் முகம் வாடிவிட்டது.

"இன்னொரு மக்கு பிடிங்க டீச்சர்," என்றார்.

அது வெளிர் நீலமாக இருந்தது.

டீச்சர் மக்கைக் கீழே வைக்கவில்லை. "என் கையாலதான ஊத்திக் கொடுத்தேன்," என்று கன்னடத்தில் சொன்னார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படியே எல்லோரும் தண்ணீர் ஆபீஸுக்கு நடந்தோம். இன்ஜினியர் மக்கை வாங்கிப் பார்த்தார், உடனே ஆட்களுக்குப் போன் போட்டார். அன்று மதியமே ஆட்கள் வந்து தோண்டினார்கள். இரண்டு குழாய்களும் ஒரு முழ இடைவெளியில் உடைந்திருந்தன.

புதுக் குழாய் போட்டு, தண்ணீரைச் சோதித்து, நல்ல தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தார்கள். மகளும் தேறி மறுபடி அங்கன்வாடிக்குப் போனாள். முதல் நாள் அவள் அங்கே ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பெனி பஸ் போய்விட்டது. அவள் விளையாடத் தொடங்கிய பிறகும் எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.