மார்லிஸ் அம்மாளின் மரண அறிவிப்புப் பக்கம்

சோதனைக் குழாயைப் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி உற்றுப் பார்க்கிறார் மார்லிஸ் அம்மாள். குழாயில் இருப்பது என் பசுவின் மடியிலிருந்து எடுத்து வளர்த்த கிருமி. அதில் இரண்டு சொட்டு மருந்து விட்டிருக்கிறார். அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கிக் கிடந்தது எட்டே நிமிடத்தில் தெளிகிறது. பின்னாலிருக்கும் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. "எட்னா... க்ளாஸ்னர்... வயசு எண்பத்தொம்பது" என்று வாசித்து முடித்து, தன் பச்சைத் தொப்பியின் விளிம்பை மரியாதையாகத் தொடுகிறார். "மன்னிச்சுக்கோங்க எட்னாம்மா. உங்க பேரு தெரிஞ்சா கிருமி செத்துச்சுன்னு அர்த்தம்."

தெளிவை அளக்க அவருடைய ஆய்வகத்தில் எந்திரம் இருக்கிறது. ஆனாலும் முதலில் எங்கள் ஊர் வாரப் பத்திரிகைதான். எழுத்து சரியான பொடியாம். "எந்திரத்துக்கு ஒரு நாள் கண்ணு மங்கலாம். செத்தவங்க பொய் சொல்ல மாட்டாங்க பெரியவரே."

அமெரிக்காவின் இந்த விஸ்கான்சின் மாநிலத்தில் மாடு வளர்ப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். பதினோரு வயதில் பள்ளியை விட்டு, நாலு பசுவில் தொடங்கி, முந்நூற்றுப் பத்துப் பசு கட்டி ஆள்பவன் நான் ஒருவன்தான். எனக்கே புரியும்படி அந்த அம்மாள் தன் தொழிலைச் சொன்னார். கிருமியைத் தின்னும் வைரஸ் ஒன்று உண்டு. அது கிருமிக்குள் புகுந்து, பெருகி, வெளியே வருவதற்குச் சுவரை உடைக்கும். உடைக்கிற அந்த நொதியை மட்டும் தனியே செய்து குப்பியில் அடைத்திருக்கிறார்கள். வைரஸ் வேண்டாம், அதன் சுத்தியல் போதும்.

"கண்ணுக்கே தெரியாத பயலோட சுத்தியலத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே, வெக்கமா இல்லையாம்மா?"

"அவன்கிட்ட நெறைய இருக்கு. நீங்க காலைக் கொஞ்சம் நகத்துங்க, என் பெட்டியை மிதிக்கிறீங்க."

அந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. ரப்பர் பூட்ஸை வண்டியிலேயே வைத்திருப்பார். என் மனைவி கொடுத்த பாலாடைக்கட்டியைச் சோதனை முடியும்வரை தொடமாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பசுக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், எண்தான். "பேரு சொன்னா பாசம் வந்துரும். பாசம் வந்தா கண்ணு பொய் சொல்லும்."

அவருக்குப் பதினைந்தாம் எண் பசு, எனக்கு லோரெட்டா. மாவட்டக் கால்நடைக் கண்காட்சியில் மூன்று முறை முதல் பரிசு வாங்கியவள். மடிநோய் வந்து, மூன்று சுற்று மருந்து போட்டும் பாலில் திரி திரியாக வந்துகொண்டிருந்தது. தேறாத மாட்டை ஏற்றிப்போக வியாழக்கிழமை இறைச்சி லாரி வரும். இந்தச் சுத்தியல்தான் கடைசி வழி.

நோயுள்ள பசுக்கள் இருபத்துநான்கு. பெட்டியில் பசுவின் எண் ஒட்டிய சிரிஞ்சுகள் இருபத்துநான்கு. பாதியில் மருந்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்றப் பாதியில் வெறும் உப்புத் தண்ணீர். எது எதில் என்ற பட்டியல் ஆய்வகத்தில் முத்திரை வைத்துப் பூட்டியிருந்தது.

"பதினஞ்சுல என்னம்மா இருக்கு?"

"எனக்கே தெரியாது. தெரியக் கூடாது."

அவர் பூட்ஸ் கழுவப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். பாலிலேயே வளர்ந்த கை இது. ஒவ்வொரு சிரிஞ்சாகக் குலுக்கினேன். ஏழாம் எண்ணில் நுரை கட்டி நின்றது. பதினைந்தில் நுரையே இல்லை. சத்து இருந்தால் நுரைக்கும்; தண்ணீர் நுரைக்காது. இரண்டு சீட்டையும் உரித்து மாற்றி ஒட்டினேன்.

ஒட்டியவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் திரும்பி வந்ததும், "உங்க பூட்டும் முத்திரையும் எதுக்கும்மா? குலுக்கினாலே தெரியுதே!" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். ஏழையும் பதினைந்தையும் தானே குலுக்கிப் பார்த்தார். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷ ஏற்பாடு பெரியவரே. சீட்டை மாத்துனீங்களா?"

"...ஒண்ணே ஒண்ணு."

"போச்சு. இந்தப் பெட்டியே போச்சு." பிறகு தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரிப்பு! "நாலு முனைவருங்க உக்காந்து போட்ட திட்டம்! ஒருத்தராவது குலுக்கிப் பாத்தாரா? நல்ல வேளை, உங்க பண்ணைதான் முதல். இப்படியே போட்டிருந்தா எதுல என்னன்னு எனக்கும் தெரிஞ்சுபோயிருக்கும். அப்புறம் நான் பாக்குறதுக்கு என்ன மதிப்பு?"

புதுப் பெட்டி வர ஒன்பது நாள் ஆகும் என்றார். அந்த வியாழக்கிழமை லாரி என் வாசலில் வந்து நின்றது. "அவ இல்லாம போப்பா" என்று ஓட்டுநரை அனுப்பி வைத்தேன். லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பியது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

புதுப் பெட்டியில் பாதி மருந்து. மீதிப் பாதியில் கொதிக்க வைத்துச் செயலிழக்கச் செய்த அதே மருந்து. பெட்டியை அந்த அம்மாளே என் முன்னால் திறந்து வைத்தார். "குலுக்குங்க." இருபத்துநான்கையும் குலுக்கினேன். எல்லாம் ஒரே மாதிரி நுரைத்தன.

"சொல்லுங்க பார்ப்போம்."

"ஒண்ணும் தெரியல தாயி."

"அப்பாடா!" என்று பூட்ஸை மாட்டினார்.

சிரிஞ்சு ஏற்றிய மூன்றாம் வாரம் லோரெட்டாவின் பாலை எடுத்துப்போய்க் கிருமி வளரும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, ஓர் இரவு சூட்டில் வைத்திருந்து கொண்டுவந்தார். இந்தத் தடவை மருந்து எதுவும் விடவில்லை. பத்திரிகைக்கு முன்னால் பிடித்தார். எடுத்த எடுப்பிலேயே பெயர், வயது, பேரப்பிள்ளைகள் வரை கடகடவென்று வாசித்தார்.

"அப்ப இவளுக்குக் கெடச்சது நெஜ மருந்துதானே?"

"தெரியாது. எல்லாப் பண்ணையும் முடிஞ்சாத்தான் பட்டியலைப் பிரிப்பாங்க. சில மாடு தானாவும் தேறும்." முகத்தில் ஒரு சலனமும் இல்லை. 'பதினைந்து: வளர்ச்சி இல்லை' என்று எழுதிக்கொண்டு, பெட்டியை மூடி, வாசல்வரை நடந்தார்.

அங்கே நின்றார். நான் வாளியைக் கழுவுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். திரும்பி வந்து, அசைபோட்டுக்கொண்டிருந்த லோரெட்டாவுக்கு எதிரே நின்று, தொப்பியின் விளிம்பைத் தொட்டார்.